முதல்ல கோல் எடுக்கிற நேரத்த மாத்துங்க, போன் கதைய பிறகு பாப்பம்

கேள்வி:

வணக்கம். நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வந்து 4 வருசமாகுது. ஊர் வாழைச்சேனைப் பக்கம். மகன் 9ஆம் ஆண்டு, மகள் 3ஆம் ஆண்டு, ரெண்டு பேரும் என்ட அம்மாவோட இருக்காங்க. அவர் எங்கள விட்டுட்டுப் போய் கன காலம். போன வருசம் படிப்புக்கெண்டு மகனுக்கு நல்ல போன் ஒண்டு அனுப்பி வீட்டுக்கு ரவுட்டரும் போட்டுக் குடுத்தன். இப்ப சாமம் 2 மணி மட்டும் ஃப்ரீ ஃபயர் கேம். வகுப்பில நித்திர கொள்ளுறானாம், சேர் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கார். அம்மா போனப் பறிக்கப் போக கோப்பையத் தூக்கி எறிஞ்சிருக்கான். அம்மாட பெட்டிக்குள்ள இருந்த 3,500 ரூபாவ எடுத்து அந்தக் கேமுக்குள்ள பாவிக்கிற டயமன்ட் வாங்கியிருக்கான். மத்தியானம் மெடம் படுத்தா எனக்கு 3 மணியில இருந்து 4 மணி மட்டும் ஓய்வு, அப்ப அம்மாவோட கதைப்பன், மகன் அந்த நேரம் கிரவுண்டுக்குப் போயிருவான். ராத்திரி வேல முடிஞ்சு 10 மணிக்கு அவனுக்கு எடுத்து ஏசுறன், இப்ப கட் பண்ணுறான், கட் பண்ணிட்டு ஒன்லைன்ல நிக்கிறான், நானும் அதப் பாத்துப் பாத்து அழுதுகொண்டு படுக்கிறன். தம்பி போன உடைச்சுப் போடுறன் எண்டு நிக்கிறான். அண்ணி சொல்லுறா தாய் பக்கத்தில இல்லாட்டி பிள்ள இப்படித்தானாம். இது வருத்தமா? போனப் பறிக்கச் சொல்லட்டா, இல்லாட்டி எல்லாத்தையும் விட்டுட்டு வரட்டா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிப்போடுறன். போனப் பறிக்க வேணாம், தம்பிய உடைக்க விடவும் வேணாம். இதுக்காக மட்டும் டிக்கட் போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேணாம், வாறதப் பத்தி கடைசியில கதைப்பம். அதுக்கெல்லாம் முதல் செய்ய வேண்டிய வேலை ஒண்டு உங்கட கையிலேயே இருக்கு, நீங்க கோல் எடுக்கிற நேரம்.

குவைத்துக்கும் எங்களுக்கும் 2.30 மணித்தியால வித்தியாசம். உங்களுக்கு ராத்திரி 10 எண்டா இஞ்ச 12.30. நீங்க 4 வருசமா அந்த நேரத்துக்குத்தான் மகனுக்கு எடுத்திருப்பீங்க. நீங்க போகக்குள்ள அவன் 10 வயசுப் பிள்ள, அம்மா எடுப்பா எண்டு கண்ணக் கசக்கிக்கொண்டு சாமம் மட்டும் முழிச்சிருந்த பிள்ள. சாமத்தில முழிச்சிருக்க அவன ஃப்ரீ ஃபயர் பழக்கல்ல, கேம் வாறதுக்கு முதலே பழகிட்டான். கேம் வந்து அந்த வெறும் நேரத்தில குந்திக்கிட்டுது, அவ்வளவுதான். உங்களக் குத்திக்காட்டச் சொல்லல்ல இத, வேல முடியிற நேரம் அதுதானெண்டா நீங்க வேற என்னதான் செய்யிற. ஆனா கோல் முடிஞ்சு 1 மணிக்கு ஒரு 14 வயசுப் பொடியன் போன வச்சிட்டு நல்ல பிள்ளையா படுப்பான் எண்டு எதிர்பாக்க ஏலாது.

இதோட இன்னொரு விசயமும் சேந்திருக்கு. வீட்டு ரவுட்டர் பெக்கேஜ் கனக்கதில டேட்டாவ ரெண்டாப் பிரிச்சுத்தான் தாறாங்க, எந்த நேரமும் பாவிக்கிறது ஒரு பங்கு, நடுச்சாமம் 12க்குப் பிறகு பாவிக்கிறது இன்னொரு பங்கு. பகல் பங்கு மாசம் முடியிறதுக்குள்ள தீந்திரும், நைட் டேட்டா மிஞ்சிக் கிடக்கும். இந்தக் கணக்கு பெரியாக்களுக்கு விளங்குதோ இல்லையோ பொடியன்மாருக்கு தண்ணிப்பாடம், ஸ்குவாட்டில, சேந்து விளையாடுற கூட்டத்தில, உள்ள எல்லாரும் 12 மணிக்கு வாடா எண்டுதான் சொல்லி வச்சிருப்பாங்க. உங்கட வீட்டுப் பெக்கேஜ் எது எண்டு தம்பியிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க. அப்படிப் பிரிச்ச பெக்கேஜ் எண்டா, நைட் டேட்டா இல்லாத ஒண்டுக்கு மாத்துறது ஆயிரம் தரம் ஏசுறதவிட கெதியா வேலை செய்யும்.

இனி நேரம். மெடம் படுக்கிற நேரம் உங்களுக்கு 3இல இருந்து 4 எண்டு எழுதியிருக்கிறீங்க. அது இஞ்ச 5.30இல இருந்து 6.30. அவன் கிரவுண்டில நிக்கிறான் எண்டுதான் அந்த நேரத்த நீங்க விட்டிருக்கிறீங்க. வாழைச்சேனையில 6.15 போல இருட்டத் தொடங்கிரும், பந்து தெரியாது, பொடியன்மார் வீட்ட வந்து கிணத்தடியில கால் கழுவுற நேரம். உங்களுக்கு 3.50 இருக்கக்குள்ள எடுங்க. 10 நிமிசம் காணும். அம்மம்மா விளக்கு வைக்கிற நேரம், வீட்டில எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம், மகளும் பக்கத்தில நிப்பாள். ராத்திரி கோல நிப்பாட்டுங்க. நிப்பாட்டுறதுக்கு முதல் அவனிட்ட சொல்லிட்டு நிப்பாட்டுங்க, "மனே, நான் இனிப் பின்னேரம் எடுக்கிறன், ராத்திரி நீ படு, உன்ன எழுப்பக்கூடாது எண்டுதான்" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்க. சொல்லாம நிப்பாட்டினா அம்மா கோபத்தில விட்டுட்டா எண்டு நினைப்பான்.

கஷ்டமான பகுதி இனித்தான் வருகுது. கோல் எடுத்து என்ன கதைக்கிறது?

இஞ்ச எங்களிட்ட உதவிக்கு வாற பிள்ளைகளிட்ட, அம்மா வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகளிட்ட, அம்மா கோல் எடுத்தா என்ன கேப்பா எண்டு கேட்டா மூச்செடுக்காம ஒப்பிப்பாங்க: சாப்பிட்டியா, படிச்சியா, டியூசனுக்குப் போனியா, அம்மம்மாவோட சண்ட பிடிச்சியா, போன் பாத்தியா. வீடியோ கோல் எண்டா இன்னும் மோசம், போனத் திருப்பிக் காட்டு, மேசையில என்ன கிடக்கு, கொப்பிய எடு பாப்பம். உங்கட பக்கத்தில இருந்து பாத்தா அது முழுக்கப் பாசம், மனம் பதறிக் கேக்கிறது. அவன்ட பக்கத்தில இருந்து பாத்தா ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனையில இருந்து ஆள் வந்து நிக்கிற மாதிரி. கட் பண்ணத்தான் செய்வான்.

ஒரு விசயம் நான் அடிக்கடி யோசிக்கிற. 80கள், 90கள்ல எங்கட பக்கத்தில இருந்து குவைத், சவூதி எண்டு போன அம்மாமார் மாசத்துக்கு ஒருக்காக் கதைச்சாலே பெரிசு. ஊரில கொமினிகேசன் கடையில போய் வாங்கில குந்திக்கொண்டிருந்து கோல் வரும்வரைக்கும் காத்திருக்கணும், வந்தா மீற்றர் ஓடும், ஒரு நிமிசத்துக்கு எவ்வளவு காசு எண்டு எல்லாருக்கும் நெஞ்சு அடிச்சுக்கொண்டிருக்கும். கசட்டில குரலப் பதிஞ்சு ஊருக்கு வாற ஆக்களிட்டக் குடுத்தனுப்பினவங்களும் இருக்காங்க. அந்த 60 நிமிசக் கசட்டில எந்தத் தாயும் கணக்குப் பாடத்தில எத்தின மார்க்ஸ் எண்டு ஏசிப் பதியல்ல. காசு போகுதெண்டு மனசில இருக்கிறத மட்டும் சொன்னாங்க. இப்ப வட்ஸ்அப்பில நிமிசத்துக்கு எண்டு காசு போறதில்ல, அதால ஒவ்வொரு நாளும் விசாரணை நடத்த ஏலும், நடத்துறம். அந்தக் காலம் நல்லம் எண்டு சொல்ல வரல்ல, அப்ப பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் தாய்க்குத் தெரியிறது ரெண்டு கிழமைக்குப் பிறகுதான். ஆனா அந்தக் கசட்டில இருந்த சாமான் இப்ப கோல்ல இல்ல.

அதால இப்படிச் செய்து பாருங்க. கொஞ்ச நாளைக்கு, ஒரு மாசமெண்டே வைங்களன், படிப்பும் போனும் கோல்ல வாயில எடுக்க வேணாம். அதக் கேக்கிறதுக்கு சேர் இருக்கார், அம்மா இருக்கா. நீங்க உங்கட நாளச் சொல்லுங்க. மெடம்ட சின்னப் பிள்ள என்ன குழப்படி செய்தது, வெளிய 45 பாகை வெயில்ல குப்பை போடப் போய் செருப்புச் சுட்டது, எந்தக் கறிக்கு உப்புக் கூடி ஏச்சு வாங்கினது. வெளிநாட்டில அம்மா என்ன செய்யிறா எண்டு பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது, காசு அனுப்புற ஆள் எண்டு மட்டும்தான் தெரியும். சொல்ல வெக்கப்படாதீங்க. நீங்க சொன்னா அவனும் சொல்லுவான், முதல் நாள் சொல்ல மாட்டான், "ம்" எண்டுவான், அதுக்கும் கோபப்படாதீங்க.

மறுகா அந்தக் கேமப் பத்திக் கேளுங்க. மெய்யாத்தான் சொல்லுறன். வட்ஸ்அப் வீடியோ கோல்ல 2023இல இருந்து ஸ்கிரீன் ஷெயார் எண்டு ஒண்டு இருக்கு, அவன் தன்ட போன் ஸ்கிரீன உங்களுக்குக் காட்டலாம். "இத எனக்கு ஒருக்கா விளக்கு பாப்பம், நீ எதில இறங்குவாய், உன்ட ஸ்குவாட்டில யார் யார்" எண்டு கேளுங்க. ஃப்ரீ ஃபயர் எண்டது 2017இல வந்த கேம், விலை குறைஞ்ச போன்லயும் ஓடும், அதாலதான் எங்கட பக்கத்தில இவ்வளவு பரவினது. ஒரு தீவில 50 பேர் மட்டில இறங்கி கடைசியா மிஞ்சிறவன் வெல்லுவான், 4 பேர் ஒரு ஸ்குவாட்டா சேந்தும் விளையாடலாம், ஒரு மெட்ச் 10 நிமிசம் அப்படி வரும். நடுவில நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினா அவன்ட ரேங்க் குறையும், மற்ற மூணு பேரும் மைக்கில கண்டபடி ஏசுவாங்க. அம்மம்மா "வை இப்ப" எண்டு கையில இருந்து இழுத்தது அந்த 10 நிமிசத்துக்குள்ள எண்டா கோப்பை பறந்ததுக்குக் காரணம் விளங்கும். எறிஞ்சது சரி எண்டு சொல்லல்ல. "இந்த மெட்ச் முடிய வைக்கணும், அடுத்தது தொடங்கக்கூடாது" எண்டு அம்மாவச் சொல்லச் சொல்லுங்க, வித்தியாசம் தெரியும்.

ஸ்குவாட்டில யார் எண்டத வடிவாக் கேட்டு வைங்க. வகுப்புப் பொடியன்மார் எண்டா பெரிய பயம் தேவல்ல. ஆள் தெரியாத, வயசு தெரியாத ஒருத்தன் டயமன்ட் சும்மா தாறன் எண்டு சொல்லி பாஸ்வேர்ட், ஓடிபி கேக்கிறது, படம் அனுப்பச் சொல்லுறது நடந்தா உடன உங்களிட்டச் சொல்லணும், சொன்னா நான் போனப் பறிக்க மாட்டன் எண்டு நீங்க முன்கூட்டியே வாக்குக் குடுங்க. போன் போயிரும் எண்ட பயத்தில பிள்ளைகள் மறைக்கிற விசயங்கள்தான் எங்களிட்டப் பிந்தி வந்து சேருது.

இது வருத்தமா எண்டு கேட்டிருக்கிறீங்க. உலக சுகாதார அமைப்பு கேம் விளையாடுற கோளாற நோய்ப் பட்டியல்ல சேத்திருக்கு, 2019இல ஏத்துக்கொண்டு 2022 தை மாசத்தில இருந்து நடைமுறையில இருக்கு. ஆனா கனக்க விளையாடினா வருத்தம் எண்டு அதில இல்ல. கேம நிப்பாட்ட ஏலாமப் போகணும், மற்ற எல்லாத்தையும் விட கேம் மேல எண்டு ஆகணும், கெடுதி நடக்குது எண்டு தெரிஞ்சும் விடாம விளையாடணும், இதெல்லாம் சாதாரணமா ஒரு வருசமாவது தொடர்ந்து இருக்கணும். உங்கட மகன் பின்னேரம் போன வச்சிட்டு கிரவுண்டுக்குப் போறான், அத நீங்களே எழுதியிருக்கிறீங்க. இன்னொண்டும் அம்மாட்டக் கேளுங்க, வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு நடந்த நாட்கள்ல பொடியன் எங்க நிண்டான்? கோயிலடியில கூட்டாளிமாரோட சுத்தினானா, வீட்டு மூலையில போனோட கிடந்தானா? கோயிலடியில நிண்டான் எண்டா எனக்குப் பயமில்ல. போற இடம் இருந்தாப் போறான், இல்லாத நேரம் போனுக்குள்ள போறான். கடிதத்த வச்சுக்கொண்டு முடிவு சொல்ல ஏலாது, ஆனா இப்போதைக்கு நான் இத நித்திரப் பிரச்சினை எண்டுதான் பாப்பன். அவன்ட வயசுக்கு ஒரு நாளைக்கு 8இல இருந்து 10 மணித்தியாலம் நித்திர வேணும். 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழும்புற பிள்ள வகுப்பில தூங்காம என்ன செய்யும், கோபம் வராம என்ன செய்யும்.

அப்ப ராத்திரிக்கு என்ன வழி எண்டா, ரவுட்டர அம்மாட அறைக்குள்ள வைக்கச் சொல்லுங்க. 10 மணிக்கு அவ சுவிட்ச நூத்திட்டுப் படுக்கட்டும். எங்கட வயசான ஆக்களுக்கு அப்ஸ், செட்டிங்ஸ் எண்டு படிப்பிச்சு வேலையில்ல, சுவிட்ச் அவங்களுக்கு நல்லாத் தெரியும். போன் ஹோல்ல சார்ஜ்ல கிடக்கட்டும், அம்மாட போனும் சேந்து அதே இடத்தில. அம்மா மட்டும் படுக்கையில சீரியல் பாத்துக்கொண்டு பொடியன்ட போன வை எண்டா எடுபடாது (இது எல்லா வீட்டிலயும் நடக்கிற கூத்து). சிம்முக்கு ரீலோட் போடுறது யார் எண்டு பாருங்க, அனேகமா மாமனாத்தான் இருக்கும், உடைக்கப் போறன் எண்டு நிக்கிற அதே ஆள். ராத்திரிக்கு டேட்டா கார்ட் போட்டுக் குடுக்காட்டிக் காணும், சுத்தியல் தேவல்ல.

கூகுள் ஃபமிலி லிங்க் எண்டு ஒரு அப் இருக்கு, அதால நீங்க குவைத்தில இருந்தே இத்தின மணிக்குப் பிறகு போன் பூட்டு எண்டு வைக்கலாம். பாவிக்கிறதெண்டா அவனுக்குச் சொல்லி, அவன்ட சம்மதத்தோட, நேரத்த ரெண்டு பேரும் சேந்து முடிவெடுத்துப் பாவியுங்க. ரகசியமாப் பிள்ளையின்ட மெசேஜ் வாசிக்கிற அப்ஸ யாராவது கொண்டுவந்து காட்டினா வேணாம். அவன் கண்டுபிடிப்பான், அதுக்குப் பிறகு உங்கட சொல் ஒண்டும் ஏறாது. அதேபோல ராத்திரியில நீங்க அவன்ட ஒன்லைன் பாத்துக்கொண்டு கிடக்கிறதும், தங்கச்சி, அத விடணும். விடிய 5 மணிக்கு எழும்பி வேலை செய்யிற ஆள் நீங்க. அவன்ட பேருக்குக் கீழ அந்த எழுத்து இருக்கா இல்லையா எண்டு பாத்து உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, நித்திரதான் போகுது.

போன முழுசாப் பறிக்க வேணாம் எண்டு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2020இல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடினதில இருந்து நோட்ஸ், ஹோம்வேர்க், டியூசன் நேரம் எல்லாம் வட்ஸ்அப் குறூப்பிலதான் வருது, பள்ளிக்கூடம் திறந்து எவ்வளவோ காலமாகியும் அந்தப் பழக்கம் போகல்ல. சில சேர்மார் ராத்திரி 10 மணிக்கு நோட்ஸ் போட்டு விடிய கொண்டுவாங்க எண்டுறாங்க, போனப் பாக்காத எண்டு பிள்ளைக்கு நாங்க எப்படிச் சொல்லுற? அம்மாவோ தம்பியோ வகுப்பு சேர ஒருக்காக் கண்டு, பின்னேரம் 7க்கு முதல் போடச் சொல்லிக் கேக்கிறதில பிழையில்ல. வீட்டு நிலைமையையும் சொல்லட்டும், ஆள் அனுப்பிச் சொன்னவர் எண்டா அக்கறை உள்ளவர்தான்.

3,500 ரூபா விசயத்த கேமோட சேக்காதீங்க. அது அம்மம்மாட காச எடுத்தது, அப்படியே கதையுங்க. நீங்க அந்தக் காச அம்மாக்கு அனுப்பி மூட வேணாம். அவன் அம்மம்மாட்ட நேர சொல்லணும், கொஞ்சம் கொஞ்சமா குடுத்து முடிக்கணும், நீங்க அனுப்புற கைக்காசுல இருந்து எண்டாலும் பரவாயில்ல. கோப்பைக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கட்டும். மாமன் அடிக்கிறதுக்கு விடாதீங்க.

மகளுக்கு இப்போதைக்கு தனிப் போன் வேணாம், கேட்டு அழுதாலும்.

எந்த நேரம் வெளி உதவி தேவை எண்டா: பள்ளிக்கூடம் போக மாட்டன் எண்டு நிண்டா, கிரவுண்டுக்கும் போகாம விட்டா, சாப்பாட்டக் குறைச்சா, அம்மாவுக்குக் கைநீட்டினா, சாகப் போறன் எண்டு ஒரு தரம் சொன்னாலும் சரி, விளையாட்டுக்குச் சொன்னான் எண்டு விடாம உடன போகணும். கோறளைப்பற்று பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் யார் எண்டு அம்மா விசாரிக்கலாம், காசு இல்ல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போனா விசர் எண்டு ஊர் சொல்லும் எண்ட பயத்தில பிந்த வேணாம். தேசிய மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929, இஞ்ச இருந்து அம்மா எடுக்கலாம்.

இனி வாறதப் பத்தி. குவைத்தில வீட்டு வேலைக்காரருக்கெண்டு 2015இல ஒரு சட்டம் வந்தது, 68ஆம் இலக்கம், கிழமைக்கு ஒரு நாள் லீவு, வருசத்தில 30 நாள் சம்பளத்தோட லீவு அதில இருக்கு. எல்லா வீட்டிலயும் குடுக்கிறதில்ல எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவல்ல, ஆனா கேக்கிறது உங்கட உரிமை, நல்ல மனசுள்ள மெடம் எண்டா கேட்டுப் பாருங்க. 30 நாள் கிடைச்சா பள்ளிக்கூட லீவோட பாத்து எடுங்க.

அண்ணி சொன்ன கதைய நான் இதில எடுக்கல்ல, தாய் பக்கத்தில இருக்கிற வீடுகள்லயும் பொடியன்மார் ரெண்டு மணி மட்டும் விளையாடுறாங்க, அவங்கட தாய்மாரும் இஞ்ச வந்து இதே கேள்விதான் கேக்கிறாங்க. ஆனா ஒரு விசயம் கேக்கணும், "அடுத்த வருசம் வாறன்" எண்டு எத்தின தரம் அவனுக்குச் சொல்லியிருப்பீங்க? ஒப்பந்தம் எந்த மாசம் முடியுது எண்டு அவனுக்கு மாசத்தோட சொல்லுங்க. இன்னும் ரெண்டு வருசம் நிக்க யோசிக்கிறீங்க எண்டா, கடன் எவ்வளவு, வீட்டு வேலை எவ்வளவு மிச்சம் கிடக்கு எண்டு அவனோடயே இருந்து கணக்குப் போட்டுச் சொல்லுங்க, 14 வயசு விளங்கும் வயசுதான். அந்தச் செய்திய அண்ணியிட்ட இருந்தோ தம்பியிட்ட இருந்தோ அவன் கேள்விப்படக்கூடாது, உங்கட வாயாலதான், பின்னேரக் கோல்ல.